பொங்கல் வாழ்த்து வாங்க வந்த வேன்

முருகனடியார்களுக்கு வணக்கம். புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமத்துக்காரி நான். எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கார்த்திகை மாதம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வருடம் எங்கள் சாமை முழுக்கப் பதராகிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தோம். அப்போதுதான் பள்ளிக்கூடத்துக்குச் சிலேட்டு கொண்டுவந்த திருப்பத்தூர்க் கடைக்காரர், அங்கே சுவரில் நான் வரைந்திருந்த மலைமாடுகளைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தார்.

“எல்லாரும் அதே கரும்பு, பானைதான் போட்றாங்க. நீ உங்க மலைய வரைஞ்சி குடும்மா. பொங்கல் வாழ்த்தா அச்சடிச்சி விக்கலாம். வெள்ளிக்கெழம வேன் எடுத்துக்கினு வர்றேன். அத வுட்டா அச்சாபீஸ்ல எடம் கெடைக்காது.”

வர்ணமும் தாளும் அவரே கொடுத்தார். பலா மரம், சாமை அடிக்கும் பெண்கள், பனியில் நிற்கும் காளை என்று வரைந்து தள்ளினேன்.

வெள்ளிக்கிழமை வேன் வரவில்லை.

“முருகா, வேன் வரணும்” என்று வேண்டிக்கொண்டே பாதைக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்தது. சோறு இறங்கவில்லை. எங்கே இரைச்சல் கேட்டாலும் ஓடினேன். காற்றுதான். சனிக்கிழமையும் அப்படியே போனது. “முருகா, உனக்கு நான் இன்னா பாவம் பண்ணேன்?” என்று சாமி படத்தின் முன்னால் நின்று கத்தினேன்.

ஞாயிறு காலை விறகுக்குப் போன என் வீட்டுக்காரர் நொண்டிக்கொண்டே திரும்பினார்.

“விரியன் கடிச்சிடிச்சி,” என்றார். கால் வீங்கிக்கொண்டே போனது. ஈறில் இரத்தம் கசிந்தது. பஸ் இல்லை. ஊரில் இருந்த ஒரே ஜீப்பும் சந்தைக்குப் போயிருந்தது. கட்டிலில் தூக்கிப் போகலாம் என்றார்கள். கீழே இறங்குவதற்குள் உயிர் இருக்குமா? எனக்கு வேண்டக்கூட வார்த்தை வரவில்லை. “முருகா, முருகா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கட்டிலைத் தூக்கிப் பாதைக்கு வந்தோம். எதிரே கடைக்காரரின் வேன் ஏறி வந்தது.

“வண்டி ரிப்பேரும்மா, அதான்...” என்று இறங்கியவர், கட்டிலைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “ஏத்துங்க, ஏத்துங்க!”

வேன் வளைந்து வளைந்து மலை இறங்கியது. வீட்டுக்காரருக்குக் கண் சொருகும்போதெல்லாம் கன்னத்தில் தட்டினேன். திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மறுநாள் அவர் கண் திறந்து, “கஞ்சி குடு” என்றபோதுதான் நான் அழுதேன்.

அப்போது பக்கத்தில் நின்ற கடைக்காரர் தயங்கிக்கொண்டே கேட்டார்: “படமெல்லாம் எங்கம்மா?”

“ஐயோ, வூட்லயே வுட்டுட்டு வந்துட்டேண்ணா!”

அவர் சிரித்துவிட்டார். மறுபடி மலையேறிப் படங்களை எடுத்துவந்து, அச்சாபீஸில் கெஞ்சிக் கேட்டு அச்சடித்தார். பொங்கலுக்கு முன்பே விற்றுத் தீர்ந்தன. அடுத்தடுத்த வருடங்களும் வரையச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நான் கேட்டபடி வேன் வந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை அது அந்தப் பாதையில் இருந்திருக்காது. இதை நினைக்கும்போது இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. முன்பு விசேஷ நாளில் மட்டும் முருகனைக் கும்பிட்டவள் நான். இப்போது அவனோடு பேசாமல் தூரிகையைத் தொடுவதில்லை.

கேட்டது கிடைக்காமல் தவிப்பவர்கள் உங்களில் இருப்பார்கள். அவனோடு சண்டை போடுங்கள், பரவாயில்லை. கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.