இடப்பக்கத்து ஓட்டை

சுக்கானைத் தாங்கும் இரும்புப் பிடி உடைந்து கடலில் விழுந்துவிட்டதால், ஒரு லாஞ்ச் படகு எட்டு நாளாகத் தூத்துக்குடிக் கரையில் கிடந்தது. அதன் ஆட்களுக்கு வேலையில்லை. படகுப் பட்டறையில் டிராப்ட்ஸ்மேனாக இருந்த நான், புதுப் பிடிக்குப் படம் வரைந்து ஏரலில் ஒரு வார்ப்படப் பட்டறைக்கு அனுப்பினேன். வந்த பிடியில், இடப்பக்கம் இருக்க வேண்டிய ஓட்டை வலப்பக்கம் இருந்தது.

கோபத்தோடு பஸ் ஏறினேன்.

"படத்துல இருக்கபடிதான சார் வாத்திருக்கேன்," என்றார் பட்டறைக்கார அண்ணாச்சி.

படத்தைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அவர் விளக்கினார், அதுவும் சரியாகத்தான் இருந்தது! பொருளின் இடப்பக்கத் தோற்றத்தை நான் தாளின் இடப்பக்கமே வரைவேன். அவர் பழகிய படங்களில் அது வலப்பக்கம் இருக்குமாம்; அதனால் என் இடப்பக்கத்தை வலப்பக்கமாக எடுத்துக்கொண்டார். எந்த முறை என்று நான் ஒரு குறிகூடப் போட்டிருக்கவில்லை.

"அப்பம் இந்தக் களிமண்ணுல புடிச்சுக் காட்டுங்க," என்றார்.

என் படத்தைப் பார்த்தே பிடித்தேன். இரண்டு முறையும் தலைக்குள் கலந்து, எந்தத் தோற்றம் எந்தப் பக்கம் என்று எனக்கே குழம்பியது. முடித்துப் பார்த்தால், நான் பிடித்ததிலும் ஓட்டை வலப்பக்கம்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "எங்கன நின்னு பாத்து வரைஞ்சீங்க சார்?" என்று மட்டும் கேட்டார்.

படத்தை மடித்து வைத்துவிட்டு, படகுக்குப் பின்னால் நின்று பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, களிமண்ணைப் பிசைந்து மறுபடி சரியாகச் செய்து கொடுத்தேன். அதைப் பார்த்துத்தான் சரியான பிடியை வார்த்தார்.

'தெளிவாத்தானே சொன்னேன்' என்று யாரிடமாவது கத்த வாயெடுக்கும்போதெல்லாம், என் விரல்களில் அந்தக் களிமண் ஒட்டியிருப்பதுபோல் இருக்கிறது.