அப்பா மொழிபெயர்த்த படம்

என் அப்பா கனடாவுக்கு வரும் வழியில், ஏஜென்சிக்காரனை நம்பிப் பம்பாயில் மாதக்கணக்காகக் காத்துக் கிடந்தவர். அங்கே அவர் கற்றது தேநீர் கேட்கவும் வாடகைக்குத் தவணை சொல்லவும்தான். ஆனாலும் டோர்செட் பார்க் அடுக்குமாடியில் எங்கள் வீட்டுக்கு அவர்தான் மராத்திப் பண்டிதர். பிழை பிடிக்க ஆள் இல்லாத இடத்தில் பண்டிதராவது சுலபம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்கு ஒன்பது வயது. எங்களோடு இருந்த சித்திக்கும் சித்தப்பாவுக்கும் கல்யாணமாகி நெடுநாளாகியும் பிள்ளையில்லை. சித்தி வருடம் தவறாமல் கந்தசஷ்டி விரதம் பிடிப்பார். அந்த வருடம் விரதம் முடித்துப் பாறணைச் சோறு சாப்பிட்ட மத்தியானம், கீழ்மாடி மராத்தி அன்ரி தந்த மராத்திப் பட வீடியோக் கொப்பியைப் போட்டோம். சலவை அறையில் சித்தியோடு பாதி சைகையில் பழகியவர் அவர். பிள்ளைக்காக ஏங்கும் புருஷன் பெண்சாதியின் கதை என்று என்னிடம் இங்கிலீஷில் சொல்லித் தந்திருந்தார்.

வீட்டில் படம் என்றால் எனக்குத் தலைகால் தெரியாது. அப்பா டெக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். மாமியார் கத்தினால் வாடகைப் பிரச்சினை, வைத்தியர் தலையை ஆட்டினாலும் வாடகைப் பிரச்சினை. சித்தி அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. வைத்தியரின் அறையிலிருந்து அந்தப் பெண் வெளியே வந்தபோது சித்தி அழுதுகொண்டிருந்தார்.

கடைசிக் காட்சியில் அந்தப் பெண்ணின் மடியில் ஒரு கைக்குழந்தை. அதோடு படம் முடிந்தது.

"பிறந்திட்டுது," என்றார் அப்பா. "முருகன் கண் திறந்திட்டார்."

அம்மா எழும்பிப்போய் சுவாமிப் படத்தைக் கும்பிட்டார். சித்தியின் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷம் பொங்கியது. கொப்பியைத் திருப்பிக் கொடுக்க ஓடினேன். அங்கேதான் அன்ரி உண்மையைச் சொன்னார். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. எலிவேற்றருக்குக்கூடக் காத்திராமல் படியால் ஏறி ஓடிவந்தேன்.

"அப்பா சொன்னது பிழை. பேபி அவைக்குப் பிறக்கேல்லை. அடொப்ட் பண்ணினவை."

பண்டிதரை மடக்கிவிட்டேன் என்று நான் துள்ள, அம்மா என் தொடையில் கிள்ளினார். சித்தப்பா ஜன்னலடிக்குப் போய் நின்றார். வெகுநேரம் கழித்துச் சித்தி என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஒருக்கா அன்ரியைக் கேட்டுக்கொண்டு வாறியோ? அந்தக் குழந்தை வளர்ந்தாப் பிறகு அவவை அம்மா எண்டு கூப்பிட்டதாமோ?"

மறுபடியும் ஓட ஒரு சாட்டுக் கிடைத்த குஷியில் பறந்தேன். அன்ரி, யார் கேட்கச் சொன்னது என்றார். சித்தி என்றேன். அவர் என் தலையைத் தடவி, ஓம், கூப்பிட்டது, அப்படியே போய்ச் சொல்லு என்றார்.

மூச்சு வாங்க வந்து சொன்னேன். சித்தி வாய்விட்டு அழுதார். ஜன்னலடியில் நின்ற சித்தப்பா வந்து, எங்கள் எல்லாருக்கும் முன்னால் சித்தியின் கையைப் பிடித்தார். நல்ல செய்திக்கு ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. குழந்தை மடியில் கிடந்ததோடு படம் முடிந்துவிட்டதே, அதற்குப் பிறகு நடந்தது அன்ரிக்கு எப்படித் தெரியும் என்றும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.