உருண்டைக் கொத்துகளின் நாண்கள்

ஓசூரில் மருந்துக்கான மூலப்பொருள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தேன். எங்கள் யூனிட்டில் ஒரே ஒரு பெரிய தொட்டி. கரைசலைக் குளிரவைத்தால் மருந்து பொடிப்பொடி உருண்டைகளாகப் பிரியும். தொட்டியைக் கவனித்துக்கொண்டவர் கெலவரப்பள்ளிப் பக்கமிருந்து வந்த ஓர் அக்கா. காண்ட்ராக்ட் வேலை. கணவர் இறந்துவிட்டார். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஆயுத பூஜைக்கு அவளை அழைத்து வந்து எங்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார்.

அந்த வருஷம் சரக்கு அடிக்கடி திரும்பி வந்தது. உருண்டைகள் ஒட்டிக் கொத்தாகிவிடுகின்றன என்று புகார். தொட்டிக்குள் ஒரு லேசர் கருவி உண்டு. அதன் ஒளி உருண்டையைக் குறுக்கே கடக்கும்போது கடந்த நீளத்தைக் குறித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் நாண் என்று படித்தோமே, அதுதான். நடுவில் வெட்டினால் நீளம், ஓரத்தில் வெட்டினால் குட்டை. அந்த நாண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று திரையில் ஒரு வளைகோடாக வரும்; அதைப் பார்த்துத் தனி உருண்டையின் அளவைச் சொல்லிவிடலாம். ஒட்டிய கொத்துக்கு அதை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

"கருவி காட்டற கோட்ட வெச்சே கொத்து எப்பிடி இருக்குதுன்னு சொல்லிட்டா யூனிட் பொழைக்கும்மா" என்றார் மேனேஜர். "இல்லன்னா மூடச் சொல்லிருவாங்க."

கணினியில் உருண்டைகளை ஒட்டவைத்து, கண்டபடி கோடுகள் எறிந்து, வெட்டுப்பட்ட நீளங்களை அளந்தேன். அக்கா திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மேடம், லட்டு புடிக்கறீங்களா?"

"ஆமாக்கா. புடிச்சுக் கோடு போட்டு வெட்டறேன்."

"வந்துருமா?"

"வந்துரும்க்கா."

நம்பித்தான் சொன்னேன்.

வரவில்லை. சின்ன உருண்டைகள் நெருக்கமாக ஒட்டிய கொத்தும், பெரியவை தளர்வாக ஒட்டிய கொத்தும் ஏறக்குறைய ஒரே வளைகோட்டைத் தந்தன. அளவை மாற்றினேன், இடைவெளியை மாற்றினேன். வளைகோடுகள் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே படிந்தன. கொத்திலிருந்து நாண்களுக்குப் போக வழி இருந்தது. நாண்களிலிருந்து கொத்துக்குத் திரும்ப வழி இல்லை. மாதக்கணக்கில் முட்டிப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"முடியாதுன்னு சொல்றதுக்கா இத்தன மாசம்?" மேனேஜர் கத்தக்கூட இல்லை.

"கேமரா ஒண்ணு சேத்து வெச்சா பிரிச்சுப் பாத்துடலாம் சார்."

"மூடப்போற யூனிட்டுக்கு எவன்மா கேமரா வாங்குவான்?"

யூனிட்டை மூட உத்தரவு வந்தது. அக்காவின் நுழைவு அட்டையை ஒரு காலையில் கேட்டிலேயே வாங்கிக்கொண்டார்கள். நான் ஓடிப்போனபோது சாப்பாட்டுப் பையோடு வெளியே நின்றிருந்தார்.

"வந்துருச்சுன்னு சொல்லிருக்கலாமே மேடம். யாருக்குத் தெரியப் போவுது?"

கோபமில்லை. நிஜமாகவே கேட்டார்.

"மருந்துக்கா அது. யாரோ முழுங்கறது."

அக்கா தலையாட்டினார். அது சம்மதமா, வெறும் அசதியா, எனக்குத் தெரியவில்லை. வந்த ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். தொட்டியை கேஸ் கட்டரால் துண்டு போட்டு லாரியில் ஏற்றினார்கள்.

வேறு கம்பெனிக்குப் போனேன். கணக்கைக் கட்டுரையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். முடியாது என்பதைத் தெளிவாகக் காட்டியிருப்பதாகப் பாராட்டி ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் கடிதத்தைப் படித்தபோது ஒன்றுமே தோன்றவில்லை.

போன மாதம் பஸ்ஸில் அக்காவின் மகளைப் பார்த்தேன். செல்போன் கம்பெனிச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. நர்சிங் என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிப்போனாள். நான் கேட்கவில்லை.