ராகுகாலத்தில் கிளம்பியவர்

சித்தப்பா வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணிக்கு. விமானம் இரவில்தான், அவசரமே இல்லை. சித்திக்குச் சந்தேகம் முளைத்தது அங்கேதான்.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் ‘பஞ்சாங்கம்’. ராகுகாலத்தில் புதுக் கம்பி மாட்டமாட்டார், புதுப் பூட்டுக்குச் சாவி போடமாட்டார். உள்ளே ஆள் சிக்கிக்கொண்டால் மட்டும் ஓடுவார். “மாட்டினது அவங்க நேரம். எடுத்து விடறதுக்கு என்னய்யா நேரம்?”

காலண்டரில் அச்சிட்ட நேரத்தையும் நம்பமாட்டார். “செவ்வாய்னா மூணுலேர்ந்து நாலரைனு போட்டிருக்கான். சூரியன் என்ன, தினமும் ஆறு மணிக்கு அலாரம் வெச்சா எழுந்திருக்குது?” உதயம் முதல் அஸ்தமனம் வரை பகலை எட்டாகப் பிரிப்பார். செவ்வாயன்று ஏழாவது பங்கு ராகுவுடையது. பகல் நீண்டால் பங்கும் நீளும், நகரும். ஆனால் நான்கு மணி எந்தக் கணக்கிலும் தப்பாது. நட்டநடு ராகுகாலம்.

நான் வெளிநாட்டில் ஊர் ஊராகச் சுற்றியபோது, அங்கே அவர் தங்கியிருந்த அறைக்கும் ஒருமுறை போயிருந்தேன். திரும்பி வந்தவளைச் செருப்புக்கூடக் கழற்ற விடவில்லை சித்தி.

“அறையில என்னடி இருந்துச்சு?”

“ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு தலகாணி.”

“சொல்லிட்டுத்தானே போனே?”

“ஆமா.”

“அப்ப இன்னொரு தலகாணி பக்கத்து அறைக்குப் போயிருக்கும்.”

“ஏன் சித்தி, கிளம்பின அன்னிக்கு நேரம் பாக்கறதுல பிசகியிருக்கலாமில்ல?”

“பிசகுற ஆளா அவரு? திரும்பி வர நெனப்பே இல்லாத மனுஷனுக்கு எந்த நேரமா இருந்தா என்ன? அங்க எவளோ இருக்கா. உனக்கு என்ன வாங்கிக் குடுத்தாரு?”

“ஒரு சால்வை.”

“அதானே! வாய அடைக்கறதுக்கு.”

அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்ததே சித்தியின் அண்ணன்தான். சித்தப்பா மறுத்து ஒரு வார்த்தை பேசாமல் போனதும் இப்போது குற்றப்பட்டியலில் சேர்ந்திருந்தது. நான் சித்தியிடம் சொல்லாத ஒன்றும் உண்டு. “அவ என்ன, வந்துடச் சொல்றாளா?” என்று சித்தப்பா என்னிடம் இரண்டு முறை கேட்டார். கேட்டது ஆசையிலா, பயத்திலா? எனக்கே பிடிபடவில்லை. சித்தியின் சந்தேகம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

இரண்டு வருடம் கழித்துச் சித்தியின் செல்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தவர், “கண்ணாடி இல்ல, நீ படி” என்று என்னிடம் நீட்டினார். கண்ணாடி நெற்றிமேல்தான் இருந்தது. படித்தேன்:

“அன்னிக்கு வேணும்னேதான் ராகுகாலத்துல கிளம்பினேன். போற காரியம் விளங்காது, ஒரே மாசத்துல திருப்பி அனுப்பிடுவாங்கனு நெனச்சேன். உங்க அண்ணங்கிட்ட முடியாதுனு சொல்ல எனக்கு வாய் வரல. இங்க என்னடான்னா மேஸ்திரி ஆக்கிட்டானுங்க, விடவே மாட்டேங்கிறானுங்க. ராகுவும் கைவிட்டுட்டான். நீ வரச் சொன்னா வர்றேன். நேரமெல்லாம் நீயே பாத்துச் சொல்லு.”