குனியும் அளவு

மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருக்கும் மங்கை, முப்பத்து நான்காவது வயதில் டேக்வாண்டோ வகுப்பில் சேர்ந்தாள். செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுப்பது அவள் வேலை. 2023 ஆகஸ்டில், தளவானூர்ப் பக்கம் ஒரு வீட்டில் ரீடிங் எடுத்துவிட்டுத் திரும்பியபோது, வீட்டுக்காரன் கேட்டைச் சாத்திவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தான். தெருவில் டிராக்டர் சத்தம் கேட்டதும் விட்டுவிட்டான். மங்கை போலீசில் புகார் கொடுத்தாள். வழக்கும் பதிவானது. ஆனால் அவள் மனதை அறுத்தது வேறு. கை பிடிபட்டிருந்தபோது, "விட்டுடுங்க சார்" என்று சொல்லியிருக்கிறாள். அவனைப் போய் சார் என்று!

அடுத்த ஞாயிறே அர்ஷத் மாஸ்டரிடம் போனாள். சைக்கிள் கடைக்காரர் வீட்டுப் பிள்ளையான அவர், முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு நடத்துகிறார். மேசைகளை ஓரமாக அடுக்கிவிட்டு, தரையில் ரப்பர் விரிப்பைப் போட்டால் பயிற்சிக்கூடம் தயார். வருகிறவர்களில் முக்கால்வாசி பள்ளிப் பிள்ளைகள்.

"கியோங்நே!" என்று மாஸ்டர் குரல் கொடுத்தார். வணக்கம் வை என்று பொருள். வரிசை மொத்தமும் இடுப்பை வளைத்துக் குனிந்தது. மங்கை மட்டும் நின்றாள்.

"இன்னாக்கா, இடுப்பு புடிச்சிக்கிச்சா?"

"இடுப்பு நல்லாதான் இருக்குது மாஸ்டர். குனிய மாட்டேன்."

காரணம் இருந்தது. அவளுடைய நைனா பச்சைமுத்து, ஊரில் பெரிய வீட்டுக்காரர் எதிரே வந்தால் தோள் துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்தே நின்றவர். கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிமிர்ந்து படுக்கச் சொன்னபோது அவர் முதுகு கேட்கவில்லை.

அர்ஷத் வற்புறுத்தவில்லை. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் நிலாவைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தி, முதலில் தான் குனிந்தார். அதுவும் குனிந்தது.

"பாருக்கா. நான் மாஸ்டர், இது இத்துனூண்டு. இதுல யாரு கீழ, யாரு மேல?"

மங்கை யோசித்துவிட்டுச் சொன்னாள். "எதிர்ல நிக்கிறவங்க எவ்ளோ குனியறாங்களோ அவ்ளோ குனியறேன். அதுக்கு மேல ஒரு இஞ்சு கெடையாது."

"அளக்க டேப் எடுத்தாருவியா?"

"கண்ணே போதும்."

அப்படித்தான் கற்றாள். பிடித்தவனின் கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டைத் திருப்பி உருவ, இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. கால்தான் இடுப்புக்கு மேல் ஏற மாதங்கள் பிடித்தன. ஆனால் வெள்ளை பெல்ட்டோடு காற்றைத்தான் உதைக்கலாம். எதிரே ஆளை நிறுத்திச் சண்டை பழக மஞ்சள் பெல்ட் வேண்டும் என்பது மாஸ்டரின் சட்டம். காற்று யார் கையையும் பிடிப்பதில்லை. மங்கைக்கு ஆள் வேண்டியிருந்தது.

மறு வருடம் ஜூலையில் மஞ்சள் பெல்ட்டுக்கான தேர்வு நடந்தது. விழுப்புரத்திலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். பெரியவர்கள் இரண்டே பேர் என்பதால், அவளுக்கு ஜோடியாக ராஜாங்கத்தை நிறுத்தினார். உரக்கடை வைத்திருக்கும் ராஜாங்கம் சர்க்கரையைக் குறைக்க வந்து சேர்ந்தவர். மங்கையின் ஊர்க்காரர்தான், அந்தப் பெரிய வீட்டுக்காரரின் மகன். வகுப்பில் ஜோடியாக வணக்கம் வைக்க அவள் எதிரே நிற்கும் முறை வந்தால், கடையிலிருந்து போன் என்று வெளியே போய்விடுவார். இன்று போக வழியில்லை.

"கியோங்நே!"

ராஜாங்கம் தாடையை லேசாக அசைத்தார். மங்கையும் தாடையை அசைத்தாள்.

"ரெண்டு பேரும் ஒழுங்கா குனிங்க" என்றார் தேர்வாளர்.

ராஜாங்கம் கழுத்தை மடக்கினார். மங்கையும் கழுத்தை மடக்கினாள். அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. இவள் தோளும் அதே அளவு இறங்கியது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

"இன்னாம்மா, வெளையாட்டா?"

"இல்ல சார். அவரு இடுப்பு வளைஞ்சா என் இடுப்பும் வளையும்."

ராஜாங்கம் குரலைத் தாழ்த்தினார். "உங்க நைனா இப்படி இல்ல மங்கை. எவ்ளோ மரியாதையான மனுசன்."

"அவரு என் பங்கையும் சேத்துக் குனிஞ்சிட்டாரு. இனிமே ஒண்ணும் பாக்கி இல்ல."

தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வணக்கம் வைக்காம தேர்வு இல்ல. ரெண்டு பேரும் வெளிய போறீங்களா?"

மங்கை வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பி, அதே இடத்தில் நேராக நின்றாள். ராஜாங்கம் மஞ்சள் பெல்ட்டோடு வருவதாகக் கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தார். அவர் காது மடல்கள் சிவந்தன. மெல்ல இடுப்பை வளைத்தார். அவர் மேலிருந்து கண்ணை எடுக்காமல், அவர் வேகத்துக்கே மங்கையும் குனிந்தாள். அவர் நிமிர்ந்தபோது நிமிர்ந்தாள்.

பிறகு, தேர்வுக்காக மட்டும் ஒரு முறை அவர் குத்த வேண்டும்; அவள் தடுத்து உதைக்க வேண்டும்; மேலே படக் கூடாது. அவர் முஷ்டி வந்தது. இடது கையால் அதைத் தள்ளிவிட்டுக் காலைச் சுழற்றினாள். குதிகால் அவர் காதுக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது. ராஜாங்கம் கண்ணை மூடிக்கொண்டார். அவர் திறக்கும்வரை காலை இறக்காமல் நிறுத்தி வைத்திருந்தாள்.

இருவரும் தேறிவிட்டார்கள். தேர்வாளர் மேசையில் மதிப்பெண் தாள்களை வைத்ததும், மரியாதை என்ற கட்டத்தில் மங்கையின் விரல் நின்றது.

"எனக்கு ரெண்டு, அவருக்கு மூணு. ஏன் சார்?"

"அவரு மொதல்ல குனிஞ்சாரு. நீ பாத்துக் குனிஞ்ச."

"ரெண்டு பேரும் ஒரே அளவுதான சார் குனிஞ்சோம். மார்க்கும் ஒரே அளவா போடுங்க."

"அதான் பாஸாயிட்ட இல்ல, போம்மா." அவள் நகரவில்லை. தேர்வாளர் பெருமூச்சு விட்டு ராஜாங்கத்தின் தாளை இழுத்தார்.

"என்னுத ஏன் சார் கொறைக்கிறீங்க?" என்று பதறினார் ராஜாங்கம்.

"அவரோடத கொறைக்காதீங்க சார்" என்றாள் மங்கை. "என்னுத ஏத்துங்க."

பின்னால் பெல்ட் வாங்க வந்த பிள்ளைகளின் வரிசை நீண்டது. அர்ஷத் மாஸ்டர் பேனாவை எடுத்துத் தேர்வாளர் பக்கம் நகர்த்தி வைத்தார். தேர்வாளர் இரண்டை அடித்து, மேலே மூன்று என்று எழுதினார்.

"பக்கத்துல ஒரு கையெழுத்து போடுங்க சார்" என்றாள் மங்கை. "அடிச்சி எழுதுனா போடணும்."

போட்டார்.