இல்லாத பால்கனி

பெரிய மார்க்கெட்டில் இன்று பழைய பக்கத்து வீட்டு அம்சா அக்காவைப் பார்த்தேன். பேச்சு, ஃபிளாட் கட்டுவதற்காக இடித்துப்போட்ட எங்கள் வீட்டுக்குப் போனது.

"உங்கம்மா படத்துக்குத் தெனம் பூ வெப்பியே, எங்க மாட்டியிருந்த?"

"பால்கனி கதவுக்குப் பக்கத்துலக்கா."

"இன்னாடி ஒளர்ற? ஓட்டு வீட்ல ஏது பால்கனி?"

அப்போதுதான் உறைத்தது. அந்த பால்கனி, பில்டர் ஆபீசில் விஆர் கண்ணாடியை மாட்டிவிட்டு, இன்னும் கட்டாத வீட்டுக்குள் நடப்பதுபோலக் காட்டிய ஃபிளாட்டில் இருந்தது. அதற்குள் நடந்தபோதே அம்மா படத்துக்கு அந்தச் சுவர்தான் என்று முடிவுசெய்திருந்தேன்.

அங்கே இருந்தது பத்து நிமிஷம். ஓட்டு வீட்டில் முப்பத்தொரு வருஷம். ஆனால் அங்கே படம் மாட்டியிருந்த இடம்தான் நினைவுக்கு வரவில்லை.

ஃபிளாட்டுக்குத் தோண்டிய பள்ளத்தில் இன்னும் மழைத்தண்ணீர்தான் நிற்கிறது.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது, படம் எந்தச் சுவரில் இருந்தது என்று கமெண்டில் சொல்லுங்கள். விளையாட்டுக்குக்கூட பால்கனி என்று சொல்லாதீர்கள், நம்பிவிடுவேன்.