சாட்சி சொன்ன பிறகு போடாத மாத்திரை

அன்றைக்குக் கோயிலில் திருவிருந்துப் பந்தியில் முழங்கால்படியிட்டிருந்தவர்களைச் சொல்கிறேன். முதலில் உபதேசியார். அடுத்து என் மச்சான் ஜெபராஜ். அடுத்து தையல்காரர் செல்லத்துரை அண்ணாச்சி. கடைசியில் நான். எதிரே பாத்திரத்தோடு குருவானவர். பின்னால் பெண்கள் வரிசையில் என் மனைவி மெர்சி.

பாத்திரம் என்னிடம் வந்தது. இரண்டு கையாலும் பிடித்தேன். விரல் மடங்கவில்லை. பாத்திரம் சரிந்தது. திராட்சரசம் வெள்ளை விரிப்பில் சிந்தியது. குருவானவர் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்கவும் என்னால் முடியவில்லை. மச்சான்தான் தூக்கிவிட்டார்.

இது நடந்தது போன வருடம் பிப்ரவரியில். அதற்கு ஆறு மாதத்துக்கு முன் அதே கோயிலில், சுகமாகிவிட்டேன் என்று சாட்சி சொன்னவன் நான்.

என் பெயர் தர்மராஜ். ஊர் சேரன்மகாதேவி. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு கடையில் பரோட்டா மாஸ்டர். இருபது வருடமாக மாவு பிசைந்து வீசுகிற கை இது.

முதலில் முழங்கையில் செதில் செதிலாக வந்தது. பிறகு தலையில். களிம்பு போட்டேன். அடுப்புச் சூட்டிலும் முழுக்கைச் சட்டை போட்டு மறைத்தேன். சாப்பாட்டுக் கடையில் இப்படித் தோலைப் பார்த்தால் ஆள் உட்கார மாட்டான். இது ஒட்டுகிற நோய் இல்லை. அது எனக்கே அப்போது தெரியாது. நகத்தில் ஊசியால் குத்தினதுபோல் குழி விழுந்தது. அப்புறம் விரல் வீங்கியது. விரல் முழுசுமே, மொந்தன் வாழைக்காய்போல. குதிகாலைத் தரையில் வைக்க முடியாது. காலையில் ஒரு மணி நேரம் கை விறைத்துக் கிடக்கும். சட்டைப் பித்தானை மெர்சிதான் போட்டுவிடுவாள்.

சுளுக்கு என்று நினைத்து எண்ணெய்க் கட்டு போட்டேன். மூன்று மாதம் வீணாகப் போனது. பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூட்டு டாக்டரம்மா முதலில் நகத்தைப் பார்த்தார். முழங்கையைக் காட்டச் சொன்னார். "தோலும் மூட்டும் வேற வேற நோய் இல்ல. ஒண்ணுதான்" என்றார். சோரியாடிக் ஆர்த்ரைட்டிஸ் என்று பேர். மெர்சி அதைச் சீட்டின் பின்னால் தமிழில் எழுதி வைத்துக்கொண்டாள்.

வலி மாத்திரை வலிக்கு மட்டும். நோயை அடக்க மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு மாத்திரை. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எனக்குத் திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை அதற்குத் துணையாக ஃபோலிக் மாத்திரை. குடி கூடாது. எனக்கு அது இல்லை. பீடி கூடாது. அது இருந்தது, விட்டேன். ஈரல் நன்றாக இருக்கிறதா என்று அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நான்கு மாதத்தில் வீக்கம் வடிந்தது.

ஆகஸ்டில் அசனப் பண்டிகை வந்தது. சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே சோறு சாப்பிடும் நாள். சாட்சி சொல்ல ஆள் கேட்டார்கள். என் கை நன்றாக மடங்கியது. எழுந்து நின்றேன். ஆண்டவர் என்னைப் பூரண சுகமாக்கினார் என்றேன். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தேன். சுகமாகிவிட்டது என்று கோயிலில் சொல்லியாகிவிட்டது. இனி மாத்திரை போட்டால் சொன்னது பொய்ச்சாட்சி ஆகிவிடும். அப்படித்தான் நினைத்தேன். அட்டையை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். மெர்சி கேட்கும்போதெல்லாம் போட்டாச்சு என்றேன்.

அக்டோபரில் செதில் வந்தது. நவம்பரில் விரல் வீங்கியது. முன்பைவிட மோசம். இடது மோதிர விரல் வளைந்தே நின்றுவிட்டது. கடையில் சால்னா போடும் இசக்கி கேலி செய்வான். "என்ன மாஸ்டரே, வீச்சு பரோட்டா கேட்டா மெத்தை தைச்சுக் குடுக்கீரு?"

"ஒரு வாரம் பொறும்வே" என்பேன். ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். முதலாளி வேறு மாஸ்டரை விசாரித்துக்கொண்டிருந்தார். அதுவும் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சபையார் யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்ல? ஜெபம் மட்டும் பண்ணினேன். வேலை செய்யும் கையைத் தாரும் ஆண்டவரே. தினமும் அது ஒன்றுதான்.

பாத்திரம் சரிந்த அன்று ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். செல்லத்துரை அண்ணாச்சி வாசலில் நின்றார்.

"சோர்ந்து போகாதலே தர்மா. இது சோதனைதான். ஒன்னப் பாத்துத்தான் நானே திடப்பட்டேன்."

"எதுல அண்ணாச்சி?"

"அசனத்தன்னைக்கு நீ சாட்சி சொன்னேல்லா. மறுநாளே நான் சுகர் மாத்திரைய நிறுத்திட்டேன்."

வேட்டியைக் கொஞ்சம் தூக்கினார். வலது கால் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. துணி நனைந்திருந்தது.

என் கை போனால் அது என்னோடு போகும். இது அவர் கால்.

வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்து மெர்சி முன்னால் வைத்தேன். அண்ணாச்சி கால் விஷயத்தையும் சொன்னேன்.

"இத்தன நாளும் போட்டாச்சு போட்டாச்சுன்னீங்க."

"ஆமா."

"உபதேசியார் கண்ணாடி போட்டுத்தான பாட்டு வாசிக்காரு. அவருக்கு விசுவாசம் இல்லியா?"

மெர்சி அட்டையை என் கையில் வைத்தாள்.

"சரி, இனிமே போடுங்க. யாருக்கும் தெரியாண்டாம். நான் வாய் தொறக்க மாட்டேன்."

"அண்ணாச்சி காலு?"



அன்று என் ஜெபம் மாறியது. கையைக் கேட்கவில்லை. வாய் திறக்கப் பெலன் கேட்டேன்.

மறுநாள் காலை அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். "கெளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன். பஸ்ஸில் உட்கார்ந்து சொன்னேன்.

"எனக்கு வீக்கம் வடிஞ்சது மாத்திரையில, அண்ணாச்சி. ஆண்டவர் டாக்டர் கையாலதான் குடுத்தாரு. அத நான் மறைச்சிட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்னீர்பள்ளம் தாண்டித்தான் வாய் திறந்தார்.

"நாசமாப் போறவனே. எனக்குக் காலு போச்சுன்னா, கோயிலுக்கு ஒன் முதுகுலதாம்லே வருவேன்."

"வாங்க. சுமக்கேன்."

பெருவிரலை எடுத்தார்கள். கால் தப்பியது. அந்த விரலை நான் மறக்கவில்லை.

டாக்டரம்மா என்னிடம் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். "இந்த நோய் அடியோட போகாது. அடக்கி வைக்கலாம். நீங்க விட்டா அது எந்திரிச்சிரும்" என்றார். இந்தத் தடவை மாத்திரை மட்டும் போதவில்லை. காசநோய் இருக்கிறதா என்று நெஞ்சைப் படம் எடுத்து, ரத்தமும் பார்த்தார்கள். இல்லை என்ற பிறகு, தோலுக்கு அடியில் போடும் ஊசி தொடங்கினார்கள். அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். அதனால் காய்ச்சல் வந்தால் ஊசி போடாமல் முதலில் அவரைக் கேட்க வேண்டும். ஊசி போட மெர்சி படித்துக்கொண்டாள். காலையில் வெந்நீரில் கையை வைத்துத் துண்டைப் பிழிய வேண்டும். அது பயிற்சி. வலித்தாலும் பிழிகிறேன்.

அடுத்த ஞாயிறு, குருவானவரிடம் கேட்டுக்கொண்டு, கோயிலில் எழுந்து நின்றேன்.

"அசனத்துல நான் பாதிதான் சொன்னேன். மீதி மாத்திரை. அத நிறுத்துனேன். கை போச்சு. என்னப் பாத்து யாராவது நிறுத்தியிருந்தா என்ன மன்னிச்சிருங்க. இன்னைக்கே டாக்டரப் போய்ப் பாருங்க."

"அப்போ அன்னைக்கு நாங்க கைதட்டுனது?" என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

"திருப்பி எடுத்துக்கிடுங்க" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பினார்கள். இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. இருக்கட்டும்.

இப்போது என் நிலைமையைச் சொல்கிறேன். இந்தத் தடவை பாதியாகச் சொல்லவில்லை. இடது மோதிர விரல் நிமிராது. அது நிமிராது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மற்ற விரல்கள் மடங்குகின்றன. முழங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் செதில் மிச்சம் இருக்கிறது. மாவு பிசைய இன்னொருவர் இருக்கிறார். வீசுவதும் கல்லில் போடுவதும் நான். வேலை போகவில்லை. மழை நாளில் குதிகால் வலிக்கும். அன்றைக்கும் போகிறேன்.

நான் கேட்ட கையை ஆண்டவர் தந்தார். அதற்கு முன் வாயைத் தந்தார். அது திறக்காமல் இது வந்திருக்காது. அவருக்கு ஸ்தோத்திரம்.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஜெபியுங்கள். மாத்திரையையும் போடுங்கள். நிறுத்துவதா கூட்டுவதா என்பதை டாக்டர் சொல்லட்டும். சாட்சி சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள், தோலை மறைத்துக்கொண்டு நடப்பவர்கள் யாராக இருந்தாலும் வாருங்கள். மாதத்தில் இரண்டாம் புதன்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சீட்டு வாங்கும் வரிசையில் கூட நிற்பேன். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இதுவரை என்னோடு வந்தவர்கள் ஒன்பது பேர்.